டைப்ரைட்டர் எழுத்துருவில் தேய்மானம் எங்கிருந்து வருகிறது?

வீட்டு பீரோவில் 1990-க்கு முந்தைய வாடகை ஒப்பந்தமோ, விற்பனைப் பத்திரமோ, தாத்தாவின் வேலை உத்தரவோ இருந்தால் வெளியே எடுங்கள். வடசென்னையில் நிறைய வீடுகளில் இப்படி ஏதாவது ஒரு காகிதம் கிடக்கும். துறைமுகம், பின்னி மில், பெரம்பூர் ரயில்வே பணிமனை என்று வேலைக்குப் போனவர்களின் கடிதங்களில் பாதிக்கு மேல் டைப்ரைட்டரில் அடித்தவைதான். தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முற்றுப்புள்ளி வரும் இடமெல்லாம் நெருடும். சில இடத்தில் தாள் துளைத்தே போயிருக்கும். அப்புறம் முன்பக்கம் பாருங்கள். ஆங்கில ஈ, ஏ எழுத்துகளின் குழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை மையில் அடைபட்டிருக்கும். ஒரு எழுத்து மட்டும் வரியை விட்டு ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கும்.

போஸ்டர்களிலும் புத்தக அட்டைகளிலும் கடைப் பலகைகளிலும் இப்போது அடிக்கடி தென்படும் தேய்ந்த டைப்ரைட்டர் எழுத்துருக்கள் இந்தத் தாளைத்தான் நகலெடுக்கின்றன. டிசைனர்கள் டிஸ்ட்ரெஸ்டு ஃபான்ட் என்று சொல்வது இந்த வகையைத்தான். புதிதாக டிசைன் கற்பவர்கள் பலரும் இதைப் ‘பழைய லுக்’ என்று மொத்தமாகப் பிடித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுகிறார்கள். என் எண்ணத்தில் அது போதாது. அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் எந்த ஃபான்ட்டை எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது என்பது தானாகப் பிடிபடும். அதனால் முதலில் மெஷினைப் பார்ப்போம்.

1874-ல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய டைப்ரைட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த எந்தச் சாதாரண டைப்ரைட்டரை எடுத்தாலும் ஒரு விதி மாறாது: ஒரு கீயை அடித்தால் தாள் ஒரே அளவு தூரம்தான் நகரும். ஒல்லியான ஐ அடித்தாலும் அகலமான எம் அடித்தாலும் அதே தூரம். பைக்கா என்ற அளவில் ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் என்ற அளவில் 12 எழுத்து. எல்லா எழுத்தும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் சின்ன ஐ-க்குத் தலையிலும் காலிலும் அகலமான பட்டை வைத்துக் கட்டத்தை நிரப்பினார்கள். எம், டபிள்யூ இரண்டையும் இடுப்பைப் பிடித்து நெருக்கினார்கள். டைப்ரைட்டர் எழுத்தின் முகம் என்று நாம் அடையாளம் காண்பது முதலில் இந்த வடிவத்தைத்தான். தேய்மானம் எல்லாம் இதற்கு மேல் ஏறியது.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். அதில் இரண்டு வகை இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, மெஷினின் கோளாறு. கீயை அடித்ததும் ஒரு கம்பி எழும்பி, மை தோய்ந்த ரிப்பனைத் தாளில் அழுத்தும். அந்தக் கம்பியின் நுனியில் இருக்கும் எழுத்து அச்சில் ஒரு மூலை உடைந்திருந்தால், அந்த எழுத்து வரும் ஒவ்வொரு இடத்திலும் அதே மூலை உடைந்தே விழும். கம்பி சற்று வளைந்திருந்தால் அந்த எழுத்து எப்போதும் ஒரே பக்கம் சாயும். அச்சைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ரிப்பன் நூலும் மையும் சேர்ந்து ஈ, ஏ, ஓ எழுத்துகளின் குழியை அடைக்கும். சுத்தம் செய்யும்வரை எல்லா ஈ-யும் அடைபட்டே வரும். இந்தக் கோளாறுகள் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால்தான் ஒரு கடிதம் எந்த மெஷினில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடிகிறது. 1924-ல் சிகாகோவில் நடந்த லியோபோல்ட், லோப் கொலை வழக்கில் பணம் கேட்டு வந்த மிரட்டல் கடிதத்தை, லியோபோல்டின் வட்டத்தில் சட்டப் படிப்புக்காக அடித்து வைத்திருந்த குறிப்புகளோடு ஒப்பிட்டுத்தான் இரண்டும் ஒரே அண்டர்வுட் மெஷினில் அடித்தவை என்று காட்டினார்கள்.

இரண்டாவது வகை, அடிக்கும் நேரத்துக் கோளாறு. இது ஒவ்வொரு அடிக்கும் மாறும். பத்து விரலால் அடிக்கும்போது ஏ, க்யூ, பி எல்லாம் சுண்டுவிரல் பங்கு. சுண்டுவிரலுக்கு வலு குறைவு, அதனால் அந்த எழுத்துகள் வெளுத்து விழும். பயிற்சி குறைந்தவர் அடித்தால் இன்னும் வெளுக்கும். ஷிப்ட் கீயை முழுசாக அழுத்தாமல் அடித்தால் பெரிய எழுத்து வரிக்கு மேலே தொங்கும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்த ரிப்பன் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டால் எழுத்தின் கால் மட்டும் சிவப்பாக வரும். ரிப்பன் துணியாலானது, இரண்டு சுருளுக்கு இடையில் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும், மை மெதுவாகத் தீரும். அதனால் ரிப்பன் காய்ந்தால் பக்கம் முழுவதும் ஒரே சீராக வெளுக்கும், நெசவின் இழை எழுத்துக்குள் தெரியும். ஒரு எழுத்து கரி, பக்கத்து எழுத்து சாம்பல் என்று வந்தால் அது ரிப்பன் வேலை ஆகாது, விரல் வேலை.

இதற்கு அப்புறம் நகல் எடுக்கும் முறைகள் சேர்த்துவிடும் கோளாறு வேறு இருக்கிறது. கார்பன் தாளில் விழுந்த நகலில் ரிப்பன் இழை தெரியாது, எழுத்து சற்றுப் பருத்து, விளிம்பு மங்கலாக இருக்கும். மூன்றாவது, நான்காவது நகலுக்கு வந்தால் இன்னும் கலங்கும். ஜெராக்ஸ் போட்ட தாளில் நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்துப் பொடிப் பொடியாகப் புள்ளிகள் வரும். சைக்ளோஸ்டைல் கதையே தனி. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ரிப்பன் இல்லாமல் நேராக அச்சால் அடிப்பார்கள், அடிபட்ட இடத்தின் வழியே மை இறங்கிப் பிரதி விழும். ஓ எழுத்தை ஓங்கி அடித்தால் அந்த வட்டத்தின் நடுத்துண்டே வெட்டுப்பட்டு விழுந்துவிடும், அச்சில் அது முழுக் கறுப்பு வட்டமாக வரும். தொழிற்சங்க நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், சிறுபத்திரிகை என்று அந்தக் காலத்தில் குறைந்த செலவில் நூறு பிரதி போட வேண்டிய எல்லாவற்றுக்கும் சைக்ளோஸ்டைல்தான் கைகொடுத்தது. பழைய சங்க நோட்டீஸ் சாயலில் ஒரு போஸ்டர் செய்கிறீர்கள் என்றால் ரிப்பன் இழை தெரியும் ஃபான்ட்டைத் தேட வேண்டாம். நடு அடைபட்ட ஓ-தான் அதற்குரிய அடையாளம்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் எழுத்துருவாக மாறிய கதை கொஞ்சம் சுற்று வழி. 1950களின் நடுவில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர், இன்று பெரும்பாலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஐபிஎம் அதற்கு வணிக முத்திரை வாங்காததால் மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. விண்டோஸில் வரும் கூரியர் நியூ ஏன் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். கம்பிகளுக்குப் பதில் ஐபிஎம் மெஷினில் இருந்த எழுத்து உருண்டையின் வடிவத்தை வைத்தே அதைச் செய்துவிட்டார்கள். டைப்ரைட்டர் அச்சை வேண்டுமென்றே ஒல்லியாகத்தான் செதுக்குவார்கள், ரிப்பனும் தாளும் சேர்ந்து மையைப் பரப்பித் தேவையான தடிமனைக் கொடுக்கும் என்ற கணக்கு. மை பரவாமல் திரையில் வந்த எழுத்து எலும்பும் தோலுமாக நிற்கிறது. டைப்ரைட்டர் எழுத்தில் மைப் பரவலும் வடிவத்தில் ஒரு பங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1974-ல் ஐடிசி நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கன் டைப்ரைட்டர் வேறு வழியில் போனது. உருண்ட முனை, அகலக் கால் எல்லாம் டைப்ரைட்டர் சாயல்தான், ஆனால் ஒரே அகல விதியைக் கைவிட்டுவிட்டது, விளிம்பும் மழமழவென்று இருக்கும். பழமை வேண்டும், அழுக்கு வேண்டாம் என்ற வேலைக்கு அது நல்ல தேர்வு.

அழுக்கோடு சேர்த்து எடுத்த முதல் பெரிய முயற்சி 1991-ல் வந்த டிரிக்ஸி. நெதர்லாந்து டிசைனர் எரிக் வான் பிளாக்லேண்ட், உண்மையான டைப்ரைட்டரில் அடித்த எழுத்துகளை ஸ்கேன் செய்து, மைக்கசிவும் கரடும் அப்படியே இருக்க எழுத்துருவாக்கினார். அந்த நேரமும் முக்கியம். 1985-ல் ஆப்பிளின் லேசர் பிரிண்டர் வந்த பிறகு எந்தச் சின்ன அலுவலகமும் அச்சகத் தரத்தில் சுத்தமாக அச்சடிக்க முடிந்தது. எல்லாம் சுத்தமாகிவிட்ட இடத்தில் கைபட்ட தடம் உள்ள ஒன்றுக்கு ஏக்கம் வந்தது. 1990களில் மர்மத் தொடர் ஒன்றின் தலைப்பில் டிரிக்ஸி ஏறியதும் ரகசியக் கோப்பு, துப்பறிதல், அரசாங்க ஆவணம் என்றாலே இந்த எழுத்து என்று உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. இன்று இலவசமாகக் கிடைப்பவற்றில் ஸ்பெஷல் எலைட் நல்ல வேலைப்பாடு உள்ளது. கூகுள் ஃபான்ட்ஸில் எடுத்துக்கொள்ளலாம், வணிக வேலைக்கும் போடலாம். வேறு தளங்களில் இறக்கும்போது ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்காரர் அதைப் போட்டால் அது சொந்த உபயோகம் ஆகாது.

இப்போது மேலே சொன்ன இரண்டு வகைக் கோளாறையும் எழுத்துருவோடு சேர்த்துப் பாருங்கள். சாதாரண ஃபான்ட்டில் ஒரு எழுத்துக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கும். ஆகவே அதில் உள்ள எல்லாமே மெஷின் கோளாறு போலத் திரும்பத் திரும்ப வரும், மை தெறித்த புள்ளி உட்பட. அம்மா என்று அடித்தால் இரண்டு மகரத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி தெறித்திருக்கும். கண் சட்டென்று பிடித்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று படும். உடைந்த மூலை திரும்ப வரலாம், தெறித்த மை அதே மாதிரி திரும்ப வரவே கூடாது. நல்ல எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு மாற்று வடிவம் வைத்து, அடிக்க அடிக்கத் தானாக மாற்றிப் போடும் வசதி இருக்கும். டிரிக்ஸியின் பிந்தைய பதிப்பு அப்படித்தான் வந்தது. ஸ்பெஷல் எலைட் மாதிரி ஒற்றை வடிவம் உள்ளவற்றை எடுத்தால் தலைப்பில் இரட்டிக்கும் எழுத்துகளை நீங்களே கவனிக்க வேண்டும். எழுத்தை அவுட்லைனாக மாற்றி, இரண்டாவதில் ஒரு புள்ளியை அழித்து, ஒன்றைக் கொஞ்சம் இறக்கினால் போதும். தலைப்புக்கு ஐந்து நிமிட வேலை.

இல்லஸ்ட்ரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் விளிம்பைக் கரடாக்கும் எஃபெக்ட் இருக்கிறதே, அதைப் போடக் கூடாதா என்று கேட்கலாம். நான் போடுவதில்லை. அது எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு கரடாக்கும். உண்மையில் அச்சு தாளில் நேர்மட்டமாக விழாமல் ஒரு பக்கம் அழுத்தி விழுவதால் இடப்பக்கம் கறுத்து வலப்பக்கம் வெளுக்கும், அல்லது தலை கறுத்துக் கால் வெளுக்கும். சுற்றிலும் சமமாகத் தேய்ந்த எழுத்தை எந்த டைப்ரைட்டரும் அடித்ததில்லை.

எழுத்துரு சரியாக இருந்தும் அடித்த விதத்தில் காட்டிக்கொடுத்துவிடுவதும் உண்டு. பழைய மெஷின்கள் பலவற்றில் 1 என்ற எண்ணுக்குக் கீயே கிடையாது, சின்ன எல் எழுத்தைத்தான் அடிப்பார்கள். ஆச்சரியக்குறிக்கும் கீ இருக்காது. ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, பேக்ஸ்பேஸ் போட்டு, அதன் கீழே முற்றுப்புள்ளி வைப்பார்கள். வளைந்த மேற்கோள் குறி கிடையாது, நேரான குறிதான். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் இல்லை, அழுத்தம் வேண்டுமென்றால் அடிக்கோடு அல்லது அதே இடத்தில் இரண்டு முறை அடிப்பது. ஒரே பக்கத்தில் பெரிய தலைப்பும் சின்ன வாசகமும் வர வழியே இல்லை, எல்லாம் ஒரே அளவு. 1960களின் கடிதம் என்று ஒரு படத்துக்குச் செய்த தாளில் ரூபாய்க்கு இப்போதைய குறியைப் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குறி 2010-ல்தான் வந்தது. அதற்கு முன் ‘ரூ.’ என்றோ ஆங்கிலத்தில் ‘Rs.’ என்றோதான் அடிப்பார்கள்.

காலம் என்று வந்ததும் நம் ஊர் விஷயங்களுக்கு வருகிறேன். ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். அதைப் பற்றிய போஸ்டருக்குத் தேய்ந்த டைப்ரைட்டர் எழுத்தைப் போட்டால் பழமையாகத் தெரியும், ஆனால் அந்த ஆண்டில் விற்பனைக்கு டைப்ரைட்டரே கிடையாது. அதற்கு ஈயத்தில் வார்த்த அச்செழுத்தின் சாயல்தான் பொருந்தும். பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் மில்லில் 1921-ல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் செய்கிறீர்கள் என்றால் ஆங்கில அலுவலகக் கடிதத்துக்கு டைப்ரைட்டர் சரி, தமிழ்த் துண்டறிக்கைக்கு அச்சகத்து எழுத்துதான் சரி. 1955-ல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் தயாரிக்கத் தொடங்கியதற்குப் பிந்தைய காலம், கோர்ட், ரிஜிஸ்டர் ஆபீஸ், துறைமுகம், மில் ஆபீஸ் என்றால் தாராளமாகப் போடலாம்.

தமிழில் இந்த வகை எழுத்துருக்கள் மிகக் குறைவு. ஆங்கிலத் தலைப்பைத் தேய்ந்த எழுத்தில் போட்டுவிட்டு, கீழே தமிழைப் பளபளவென்ற யூனிகோட் ஃபான்ட்டில் போடுவது பரவலாக நடக்கிறது. இரண்டும் ஒட்டாது. தமிழ் டைப்ரைட்டருக்கென்று தனிக் குணங்கள் இருக்கின்றன, அவை அழகானவை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஒரு கீபோர்டுக்குள் அடக்க வழி கண்டவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைத்தான் சொல்வார்கள். அடித்தால் தாள் நகராத கீகள் அந்த அமைப்பின் உயிர்நாடி. க் அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளி, தாள் நகராது, அதன் பிறகு அதே இடத்தில் ககரம். புள்ளி எப்போதும் கட்டத்தின் ஒரே இடத்தில்தான் விழும், கீழே வரும் எழுத்து ஒல்லியா அகலமா என்று அதற்குத் தெரியாது. அதனால் பழைய தமிழ்த் தட்டச்சுத் தாளில் புள்ளி எழுத்தின் உச்சியில் நடுவாக உட்காராமல் சில இடத்தில் பக்கமாக விலகி நிற்கும். இகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் ஒரு சின்ன இடைவெளி விட்டு நிற்கும். மைத் தெறிப்பைவிட இந்த விலகல்தான் தமிழ்த் தட்டச்சின் கைரேகை. அதை மட்டும் செய்தாலே தாள் நம்பும்படி ஆகிவிடும். இன்னொன்று, 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய ஆவணம் என்று காட்டினால் ணை, லை, ளை, னை எழுத்துகளின் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவத்தை மறக்காதீர்கள்.

அச்சுக்குப் போகும் இடத்தையும் யோசிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ பத்தடி ஃப்ளெக்ஸ் அடிக்கப்போகிறீர்கள் என்றால், திரையில் நுணுக்கமாகத் தெரிந்த கரடு அங்கே உள்ளங்கை அளவுக் கறையாகிவிடும். அதற்குக் குறைந்த தேய்மானம் உள்ள எழுத்தே போதும். டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் பொடிப் புள்ளிகள் வலையில் நிற்காமல் காணாமல் போகும், ஈ-யின் குழியும் முழுசாக அடைபடும். வாட்ஸ்அப்பில் சுற்றப்போகும் படம் என்றால் அது ஃபைலைச் சுருக்குவதே ஒரு அழுக்கைச் சேர்த்துவிடும், மேலும் நீங்கள் சேர்த்தால் படிக்க முடியாது. நீண்ட பத்திகளுக்கு எங்குமே வேண்டாம். தலைப்பு, தேதி, ஒரு வரி முகவரி, அவ்வளவுதான் இதன் எல்லை.

ஃபான்ட் எதுவும் பிடிக்கவில்லையா? மெஷினிடமே போகலாம். கோத்ரெஜ் 2009-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது, ஆனாலும் அரசுத் தட்டச்சுத் தேர்வுக்காக லோயர், ஹையர் சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்டிடியூட்களில் டைப்ரைட்டர் இன்னும் வேலை செய்கிறது. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. உங்கள் தெருப்பக்கம் ஒன்று இருந்தால் உள்ளே போய், மாஸ்டரிடம் கேட்டு, உங்கள் தலைப்பை ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்து வாங்குங்கள். மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, கார்பன் வைத்து ஒரு தடவை. தமிழ் மெஷின் இருந்தால் அதிலும். வழவழப்பான ஏ4 தாளைவிடச் சொரசொரப்பான தாளில் மை நன்றாகப் பரவும். 1200 டிபிஐ-யில், கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளை என்று வைத்தால் வெளுத்த அடிகள் அத்தனையும் போய்விடும். பிறகு பன்னிரண்டு வரியிலிருந்து நல்ல எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு தலைப்பாக்கலாம், ஒரே மெஷின் என்பதால் ஒட்டும். வரியை மட்டும் நேர்ப்படுத்த வேண்டாம், ஏறி இறங்கி வந்தது அப்படியே இருக்கட்டும்.